இது யார் சொன்ன கணக்கு?

தமிழ் விக்கிப்பீடியாவில் போர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சம்பளம் கிடையாது, கட்டுரையின் தலையில் பெயரும் வராது. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம், ஞாயிறு மதியம் கொஞ்ச நேரம் என்று எழுதுகிற கூட்டம். அதில் நானும் ஒருவன். பூக்களைப் பற்றியும் ஆறுகளைப் பற்றியும் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு எங்களுக்கு உண்டு. எந்தப் போரைப் பற்றி எழுதினாலும், ஜெயித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் தோற்றவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பக்கத்தைத்தான் வாசிக்கப் போகிறார்கள். இரண்டு பேரும் முதலில் பார்ப்பது கட்டுரையின் மேலே ஓரத்தில் வரும் தகவல் பெட்டியை. அதில் 'முடிவு' என்று ஒரு வரி, 'இழப்புகள்' என்று ஒரு வரி. கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வரிகளில்தான் தொடங்குகின்றன.

முதலில் இழப்புகள். 1916 ஜூலை 1, பிரான்சில் சொம் ஆற்றங்கரைச் சண்டையின் முதல் நாள். பிரித்தானியப் படையின் அன்றைய இழப்பு 57,470. புதிதாக எழுத வருபவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் 'ஒரே நாளில் 57,470 பேர் இறந்தனர்' என்று எழுதிவிடுகிறார்கள். இறந்தவர்கள் 19,240 பேர். மற்றவர்கள் காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள். படைத்துறைக் கணக்கில் இழப்பு என்றால் மறுநாள் அணிவகுப்பில் நிற்க முடியாத எல்லாரும் அடக்கம். அதனால் ஓர் எண்ணை எடுக்கும்போதே அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று மூல நூலில் பார்த்துவிட வேண்டும். ஆங்கிலக் கட்டுரையில் இருக்கும் அடிக்குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டுவது வேண்டவே வேண்டாம். அந்த நூலை நீங்கள் திறந்து பார்க்காவிட்டால் அது உங்கள் சான்று ஆகாது.

என் வரைவுகளை யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் படித்துப் பார்ப்பார். அவருடையதை நான் பார்ப்பேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் ராணுவ வரலாற்றுக்கென்றே பெரிய திட்டம் ஒன்று இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர்களைத் தேர்தல் வைத்து எடுக்கிறார்கள், செய்திமடல் கொண்டுவருகிறார்கள், 'ஏ' தரம் தருவதற்கு முன் சக எழுத்தாளர்கள் கட்டுரையை வரிவரியாகச் சோதிக்கிறார்கள். நம்மிடம் அத்தனை ஆள் இல்லை. அதில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இன்னொருவர் படித்துப் பார்க்கும் வழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். அதுவும் நம் ஊர்க்காரராக இல்லாதவராக இருந்தால் நல்லது. யாழ்ப்பாணத்து நண்பர் என் வரைவில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, இது ஆர் சொன்ன கணக்கு?"

எனக்குத் தெரிந்து, போரைப் பற்றி எழுதுவதில் பாதி வேலை இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்பே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவுகள் ஒரு பக்கம். அதே கோட்டையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தது இன்னொரு பக்கம். ஆற்காட்டிலிருந்து பிரித்தானிய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. இது வரைக்கும் யாரும் தகராறு செய்வதில்லை. இழப்பு என்று வரும்போதுதான் கவனிக்க வேண்டும். கம்பெனி தன் பக்கத்தை எண்ணியிருக்கிறது. அதிகாரிகள் இத்தனை, பிரித்தானியரின் 69வது ரெஜிமென்ட் வீரர்கள் இத்தனை என்று பிரித்துத் துல்லியமாகக் கிடைக்கும். சிப்பாய்கள் எத்தனை பேர் இறந்தார்கள்? 350 என்று சில நூல்கள், 800 என்று சில. இரண்டுக்கும் நடுவே 450 உயிர்கள். அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்தவர்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் கட்டுரையில் இல்லை.

இதைத் தகவல் பெட்டியில் எப்படிப் போடுவது? கம்பெனியின் பக்கம் '129', சிப்பாய்கள் பக்கம் '350' என்று போட்டால், இரண்டும் ஒரே மாதிரி எண்ணப்பட்டவை என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார். நான் இப்போது செய்வது இதுதான்: சிப்பாய்களின் வரிசையில் '350 முதல் 800 வரை, நூலுக்கு நூல் மாறுபடுகிறது' என்று போட்டுவிட்டு, கட்டுரைக்குள் ஒரு பத்தி ஒதுக்குகிறேன். எந்த எண் எந்த நூலில் வருகிறது, அதை எழுதியவர் கம்பெனி ஊழியரா, பிற்கால ஆய்வாளரா, எந்த ஆவணத்தை வைத்து எழுதினார் என்பது அந்தப் பத்தியில் வரும். சராசரி எடுத்து நடுவே ஓர் எண்ணைப் போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது யாரும் சொல்லாத கணக்கு, நாமே உண்டாக்கிய எண். கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமே கிடையாது.

அடுத்து எம்டன். இதில் எண்ணைவிட ஆள்தான் பிரச்சினை.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான் குறி. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர். அரை மணி நேரத்துக்குள் சுட்டு முடித்து இருட்டில் மறைந்துவிட்டது. சுட்ட குண்டுகள் 125 என்றும் 130 என்றும் நூல்கள் சொல்கின்றன. தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்து ஊரே பயந்து வெளியேறத் தொடங்கியது. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இன்றும் ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்ததில் எம்டன் தரைதட்டி அழிந்தது.

இந்தக் கட்டுரையில் 'குண்டு போட்டவர் செண்பகராமன்' என்று யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார், அவர் வழிகாட்டித்தான் சென்னையைச் சுட்டார்கள் என்ற கதையைத் தமிழில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பள்ளி மேடைப் பேச்சிலும் கேட்டிருப்பீர்கள். ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் நீக்குவார், அடுத்த வாரம் மறுபடியும் வரும். சேர்க்கிறவர்கள் விஷமிகள் இல்லை. தாங்கள் படித்த புத்தகத்தையே சான்றாகவும் கொடுக்கிறார்கள். பேச்சுப் பக்கத்தில் ஒருவர், "ஐயா, நம் ஆள் ஒருவர் செய்ததை மறைப்பதில் உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். அவர் மனம் புண்பட்டிருந்தது எழுத்திலேயே தெரிந்தது.

நீக்கிக்கொண்டே இருந்தால் இது தீராது என்று தோன்றியது. அதனால் கட்டுரைக்குள் இதற்கென்றே ஒரு பகுதி வைத்தோம். செண்பகராமன் கப்பலில் இருந்ததாகத் தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது, இன்னின்ன நூல்கள் அப்படி எழுதியிருக்கின்றன என்பதை முதலில் சொன்னோம். அதன் கீழேயே, போர் தொடங்கியபோது அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார், அந்த அக்டோபரில் பெர்லினுக்குப் போனார் என்பதை எழுதினோம். எம்டனோ 1914 ஆகஸ்டில் சீனக் கரையில் இருந்த சிங்தாவிலிருந்து கிளம்பி வந்த கப்பல். இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்து வைத்துவிட்டால் வாசிப்பவரே பார்த்துக்கொள்வார். நாம் 'பொய்' என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. செண்பகராமனைப் பற்றிய கட்டுரையை அவர் உண்மையில் செய்தவற்றால் நிரப்புவது. பெர்லினிலிருந்து இயங்கிய இந்திய விடுதலைக் குழுவில் அவருக்கு இருந்த பங்கு, 1934இல் பெர்லினிலேயே அவர் இறந்தது என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. ஒரு மனிதரின் உண்மையான வாழ்க்கை கட்டுரையில் இருந்தால், அவருக்காக ஒரு கதையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு வாசகருக்குக் குறைகிறது. என் அனுபவத்தில் பேச்சுப் பக்கச் சண்டைகளை அடக்கியது விதிமுறைகளைவிட இந்த மாதிரி கூடுதல் உழைப்புதான்.

குளச்சலிலும் கிட்டத்தட்ட இதே கதை. 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனிப் படையைக் குளச்சலில் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பின்னாளில் திருவிதாங்கூர்ப் படையின் தலைவராகவே ஆனார். உதயகிரிக் கோட்டையில் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, போனால் பாருங்கள். இதை 'ஐரோப்பியரை ஆசியர்கள் வென்ற முதல் போர்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1662லேயே தைவானில் இதே டச்சுக்காரர்களிடமிருந்து ஜீலாண்டியா கோட்டையைச் சீனத் தளபதி கொக்சிங்கா பிடித்துவிட்டாரே! நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, "அண்ணா, அப்போ எங்க ஊர்ப் போருக்கு மதிப்பு இல்லையா?" என்று கேட்டார். ஏன் இல்லை? தென்னிந்தியாவில் டச்சுக் கம்பெனியின் கை தளர்ந்ததில் அந்தப் போருக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சான்றோடு எழுதுங்கள் என்றேன், அவரும் நன்றாகவே எழுதினார். 'முதல்' என்பதும் ஓர் எண்தான். அதைச் சொல்கிறவர் முன்னால் நடந்த எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

தேதிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் இதில் ரொம்பத் தடுமாறுகிறார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாள் ஒரு நூலில் செப்டம்பர் 10, இன்னொன்றில் செப்டம்பர் 21. இரண்டும் சரி. ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதியதை. நடுவே 11 நாள் வித்தியாசம். அந்தக் காலத்துத் தேதியை எழுதும்போது எந்த நாட்காட்டி என்று குறிப்பிட்டுவிட்டால் போதும். இந்தக் காலத்துக்கு நமக்கு ஒரு பெரிய வசதி, புதுச்சேரியில் இருந்துகொண்டு ஆனந்தரங்கப் பிள்ளை தமிழிலேயே எழுதி வைத்த நாட்குறிப்பு. துப்பாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் பக்கத்தில் இருந்து பார்த்தவர். ஆங்கிலேயர் எழுதியதையும் பிரெஞ்சுக்காரர் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவதாக ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. ஆனால் அவரும் ஒரு பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

படங்களுக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்புகள் இருக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் முதலில் தேடுங்கள். ஆஸ்திரேலியாவில் 1955க்கு முன் எடுத்த புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதனால்தான் தரைதட்டிக் கிடக்கும் எம்டனின் படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. இணையத்தில் கிடைத்தது என்பதற்காக எதையும் ஏற்றாதீர்கள். கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் நீங்களே போய்ப் படம் எடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

சரி, இதுவரை சொன்னவை பழைய போர்கள். பழைய போர்களில் காயம் ஆறியிருக்கும். ஈழப்போரைப் பற்றிய கட்டுரைகளில் கை வைக்கும்போது, வாசிப்பவர் தன் அண்ணனையோ மகளையோ தேடிக்கொண்டிருப்பவராக இருக்கலாம் என்ற நினைவோடுதான் எழுத வேண்டும். 2009இல் வன்னியில் நடந்ததற்கு எண்கள் பல. 40,000 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொன்னது என்று ஒருவர் எழுதுவார். 70,000 என்று இன்னொருவர் மாற்றுவார். 1,46,679 என்று மூன்றாமவர். இல்லவே இல்லை, சில ஆயிரம்தான் என்று அரசுத் தரப்புக் கணக்கைக் கொண்டுவந்து நான்காமவர் போடுவார். ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள்.

ஒவ்வொன்றையும் அது வந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால் தெளிவு கிடைக்கிறது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் சொன்னது, பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று நம்பத்தகுந்த தரப்புகள் மதிப்பிட்டிருக்கின்றன என்பது. 2012இல் வந்த ஐ.நா.வின் உள் ஆய்வு அறிக்கை, 70,000க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்பதைக் காட்டும் தகவல் இருப்பதாகச் சொன்னது. 1,46,679 மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த எண். அது வந்த வழியும் அதிலேயே இருக்கிறது: 2008 அக்டோபரில் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். கழித்துப் பாருங்கள். மீதிப் பேருக்கு என்ன ஆனது என்பதுதான் ஆயர் கேட்ட கேள்வி.

நான்கு எண்களும் நான்கு வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்று மதிப்பீடு, ஒன்று கழித்தல் கணக்கு, ஒன்று கணக்கில் வராதவர்களைப் பற்றியது, ஒன்று அரசுத் தரப்புக் கணக்கு. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் தகவல் பெட்டியில் போட்டால் மற்ற மூன்றும் தொலைந்துபோகும். அதனால் பெட்டியில் 'கட்டுரையைப் பார்க்க' என்று மட்டும் எழுதிவிட்டு, உள்ளே சொன்னவர், ஆண்டு, வழிமுறை, அந்த அறிக்கையின் சொந்த வாசகம் என்று நான்கையும் வரிசையாக வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. 'இறந்திருக்கக்கூடும்' என்று இருந்தால் 'இறந்தனர்' என்று மாற்றக் கூடாது. அது நடுநிலை விதிக்காக மட்டுமல்ல. எண்ணைப் பெரிதாக்கி எழுதினால், அந்த ஓர் எண்ணைத் தட்டிவிட்டு மொத்தத்தையும் மறுக்க இன்னொருவருக்கு வழி கிடைத்துவிடும். இழந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, யாராலும் அசைக்க முடியாத வாக்கியம்.

என்னை அதிகம் வருத்திய கட்டுரை சயாம் மரண ரயில்பாதை. தாய்லாந்தின் பான்பொங் முதல் பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் கட்டியது, 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். இவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. எந்த முகாம், எந்தத் தேதி, என்ன நோய் என்பதுவரை பலருக்குக் கிடைக்கும். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை தப்பாமல்.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? 1,80,000 என்பதிலிருந்து 2,50,000 வரை சொல்கிறார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. காலரா வந்த 1943இல் கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. கலைக்களஞ்சியத்தின் விதியோ, வெளியான, நம்பத்தகுந்த சான்று இருந்தால்தான் எழுதலாம் என்கிறது. விளைவு என்னவென்றால், கட்டுரையில் முக்கால்வாசி இடம் கைதிகளுக்கும், இறந்தவர்களில் பெரும்பங்கான தொழிலாளர்களுக்கு இரண்டு பத்தியும் என்று இருந்தது. விதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் செண்பகராமனைக் கப்பலில் ஏற்றியதையும் தடுத்திருக்க முடியாது. ஆனால் பதிவு செய்யும் வசதி யாருக்கு இருந்ததோ அவர்கள் பக்கமே அந்த விதி சாய்கிறது என்பதை எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் இன்னும் இரண்டு நூல் தேடத் தோன்றும்.

தேடினால் கிடைக்கத்தான் செய்கிறது. போருக்குப் பிந்தைய விசாரணை ஆவணங்கள், கைதிகளாக இருந்தவர்கள் தங்கள் நாட்குறிப்பில் பக்கத்துத் தமிழர் முகாமைப் பற்றி எழுதிய வரிகள், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள். நேர்காணலில் ஒருவர் சொன்னதை 'இவர் இப்படி நினைவுகூர்ந்தார்' என்று எழுதலாம், பொது உண்மையாக எழுதக் கூடாது. சென்னையில் கன்னிமாராவும் ரோஜா முத்தையா நூலகமும், இலங்கை நூல்களுக்கு 'நூலகம்' இணையதளமும் எனக்கு எத்தனையோ முறை கை கொடுத்திருக்கின்றன.

மலேசியாவிலிருந்து ஒரு பெண்மணி என் பயனர் பக்கத்தில் எழுதியிருந்தார். தாத்தா அந்தப் பாதைக்குப் போனவர், திரும்பி வந்து வீட்டில் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, கட்டுரையில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். நேராகச் சேர்க்க முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு விடவில்லை. வீட்டில் இருக்கும் வயதானவர்கள் பேசுவதை இப்போதே ஒலிப்பதிவு செய்யுங்கள் அம்மா, சொல்கிறவர் பெயர், ஊர், தோட்டம், பதிவு செய்த தேதி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சொல்லவையுங்கள், ஒரு பிரதியை ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ ஒப்படையுங்கள் என்று எழுதினேன். அங்கே அது வரிசை எண் பெற்று எல்லாரும் கேட்கும்படி வந்த பிறகு, விக்கிப்பீடியாவில் அதைப் பெயரோடு மேற்கோள் காட்டலாம். அவர் இரண்டு அத்தைகளைப் பேசவைத்துப் பதிவு செய்துவிட்டதாகப் பிறகு எழுதினார்.

அந்தக் கட்டுரையில் தொழிலாளர்களைப் பற்றிய பகுதி இப்போது வளர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் ஆங்கில நூல்களை நம்பியே நிற்கிறது. மலாய், ஜப்பானியம், தாய் மொழிகளில் இருப்பதைப் படித்துச் சொல்லக்கூடிய தமிழர்கள் கோலாலம்பூரிலும் டோக்கியோவிலும் பாங்காக்கிலும் இருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது அது முடியும் என்றால், கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியிலோ ஒரு வரி போடுங்கள். விக்கி எழுத்து முறையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நூலின் பெயர், பக்க எண், அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும்.